காலுக்கு ஒரு கவசம்



பெங்களூர் நகர இரயில் நிலையத்தை அடுத்து ஒக்கலிபுரம் என்னும் பகுதி உள்ளது. இரயில்வேயிலும் ஆலைகளிலும் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம் அது. நாமும் அங்கேதான் குடியிருக்கிறோம். இன்று அத்தெருக்களில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ நில்லாத வாயில் அரிது. அவ்வண்டியில் ஏறுமுன் எதை உடுப்பது, காலில் எதை அணிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மழைநாளில் அலுவலகம் செல்லும்போது, இரயில் பாலத்தின் அடியில் இறங்கும் சரிவில் நம் வண்டி சறுக்கிற்று. வேகம் அதிகமன்று. தலையில் கவசம் இருந்தது. அதில் ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் காலிலிருந்த ரப்பர் செருப்போ விழுந்த கணமே கழன்று போயிற்று. வண்டியின் எடை வெறுங்கணுக்காலின் மேல் இறங்கிற்று. ஊன்றிய உள்ளங்கையின் தோல் சாலையோடு போயிற்று. ஆறு வாரம் கட்டோடு கிடந்தோம். “தலைக்குக் கவசம் வாங்கினீர்களே, காலுக்கு ஏன் வாங்கவில்லை?” என்று இல்லாள் வினவியபோது விடை கூற இயலவில்லை. காலைக் காவலர் சோதிப்பதில்லை என்பதுதான் உண்மையான விடை. இதில் வேடிக்கை யாதெனில், மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் நாம் ‘காப்புடை’ என்னும் சொல்லைப் பன்முறை எழுதியிருக்கிறோம், ஒருமுறையும் அணிந்ததில்லை.

தலைக்கவசத்தின் கதை பலரும் அறிந்ததே. ‘அரேபியா லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935ஆம் ஆண்டு மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, தலைக்காயத்தால் ஆறு நாட்களில் மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் பின்னர் இராணுவத் தூதஞ்சல் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் கவசத்தின் பயனை எடுத்துரைத்தார். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதனைக் கட்டாயமாக்குகிறது. கருநாடகத்தில் பின்னால் அமர்வோர்க்கும் 2016 சனவரி முதல் அது கட்டாயமாயிற்று. 2021 சூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தை விற்பதே குற்றம். இவ்வளவும் நன்றே. ஆயினும் கழுத்துக்குக் கீழே என்ன அணிவது என்பது பற்றிச் சட்டம் ஏதும் கேட்பதில்லை. அங்கே நம் அறிவே நமக்குக் காவல்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் நகரத்தில் சாதாரணம். அது நொடிக்கு 11 மீட்டராகும். அவ்வேகத்தில் வீழ்ந்தவர் உடனே நின்றுவிடுவதில்லை. பல மீட்டர் தேய்ந்துகொண்டே செல்கிறார். மெல்லிய பருத்திச் சட்டை நொடிப்பொழுதில் கிழியும். நைலான், பாலியெஸ்டர் துணிகளோ உராய்வின் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். அது இன்னும் கொடிது. சாதாரண ஜீன்ஸ் துணி சற்று மேல், ஆனால் அதையும் பெரிதாக நம்பலாகாது. ஆகவே தடித்த தோலாலோ, இதற்கென நெய்த வலிய துணியாலோ ஆன மேலங்கியே ஏற்றது. முழங்கையிலும் தோளிலும் மோதலைத் தாங்கும் பட்டைகள் இருத்தல் வேண்டும். கடையில் அணிந்து பார்க்கும்போது நின்றபடி பாராது, வண்டியின் கைப்பிடியைப் பற்றியவாறு அமர்ந்து பார்க்க வேண்டும். அப்பொழுது சட்டைக்கை மேலேறுகிறதா, முழங்கைப் பட்டை நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும். வெயிலுக்கு அஞ்சுவோர் காற்றுப் புகும் வலைத்துணி மேலங்கியைக் கொள்ளலாம். தோல் அளவு தேய்வைத் தாங்காதெனினும், வீட்டு ஆணியில் தொங்கும் தோல் அங்கியினும் உடலில் இருக்கும் வலைத்துணி மேலன்றோ!

இனிக் காலணி. நம் கருத்தில் தலைக்கவசத்துக்கு அடுத்து முதற்செலவு இதற்கே செய்தல் வேண்டும். கணுக்காலின் இரு புறத்து எலும்பையும் மூடும் உயரம் வேண்டும். குதிங்காலும் முன்விரலும் கெட்டியாக இருக்க வேண்டும். நுனியையும் குதியையும் இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஈரத்துணி போல் முறுக்கிக்கொள்ளும் அடிப்பாகம் வண்டி மேலே விழும்போதும் அவ்வாறே நசுங்கும். அடிப்புறம் ஈரத் தரையைப் பற்றும் ரப்பராக இருத்தல் நலம். கயிறு கட்டும் காலணியாயின் அதன் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். கியர் மிதியில் அது சிக்கினால், நிற்கும் வேளையில் கால் ஊன்ற இயலாது. மாலையில் கால் சற்றுப் பெருத்திருக்கும். காலுறையுடன் அப்பொழுது அளவு பார்ப்பது நன்று. மோட்டார் சைக்கிள் காலணிக்கென இ.என். 13634 என்னும் ஐரோப்பியத் தரம் உண்டு. அவ்வெண் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வளவு பணம் இல்லாதோர் தொழிற்சாலைக்குரிய உயர்ந்த தோல் பூட்சையேனும் அணியலாம். செருப்பினும் அது நூறு மடங்கு மேல்.

கையுறை சிறு செலவே. வீழ்பவன் முதலில் ஊன்றுவது கையை அல்லவா? உள்ளங்கையில் இரட்டைத் தோலும், மணிக்கட்டில் இறுக்கும் பட்டையும் இருந்தால் போதும்.

பெண்டிர் பற்றி ஒரு சொல். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்கி நேரும் கொடுமைகள் பல. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டுமென்று கூறுகின்றன. அழகு கெடுகிறதென்று அதனைக் கழற்றி எறியும் இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். குழந்தைகளின் குதிங்கால் ஆரக்கம்பிகளிடையே அகப்படுவதற்கும் அதுவே தடை.

பொங்கலுக்கு ஒக்கலிபுரத்திலிருந்து வண்டியிலேயே ஊர் செல்வோர் பலர். ஓசூர், கிருஷ்ணகிரி கடந்தால் வாணியம்பாடியும் ஆம்பூரும் வருகின்றன. அங்கே நம்மவர் பதனிட்ட தோலும் தைத்த காலணியும் கப்பலேறி அயல்நாட்டார் கால்களைக் காக்கின்றன. அவ்வூர்க் கடைத்தெரு வழியே நாமோ ரப்பர் செருப்போடு போய்வந்தோம். இவ்வாண்டு ஆம்பூரில் வண்டியை நிறுத்துவதாக எண்ணியுள்ளோம். இல்லாளுக்கு ஓர் இணை, கல்லூரிக்கு ஸ்கூட்டரில் செல்லும் மகளுக்கு ஓர் இணை பார்க்க வேண்டும்.