துருவக் கடலும் நம் கரும்புத் தோட்டமும்

(திருத்தணியில் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆடிக் கிருத்திகையன்று மலைப்படி ஏறி இறங்கியதும் சோடா குடித்திருப்பீர்கள். குளிர்ந்த சோடாவில் காரம் அதிகம். வெயிலில் கிடந்த புட்டியைத் திறந்தாலோ வாயு பொங்கி வெளியேறிவிடும். அந்த வாயுதான் கரியமில வாயு. குளிர்ந்த நீர் அதனை மிகுதியாகக் கரைத்து வைத்துக்கொள்ளும்; சூடேறினால் வெளியே விட்டுவிடும். கடல் நீரும் அப்படித்தான்.

நிலக்கரியும் டீசலும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. இதில் கணிசமான பங்கு அண்டார்டிகாவைச் சூழ்ந்துள்ள குளிர்ந்த தென்கடலினுடையது.

கடல் நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டியில் தங்காமல் வெளியேறுகிறது. அதனால் அடியிலுள்ள நீர் உவர்ப்பும் கனமும் கூடி, சில இடங்களில், கரைந்த வாயுவையும் சுமந்துகொண்டு ஆழத்துக்கு இறங்குகிறது. அது மேலே வர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மேலும், பனிக்கட்டி பானைக்கு மூடி போட்டாற்போல் கடலுக்கும் காற்றுக்கும் இடையே வாயு போய்வருவதைத் தடுக்கிறது.

அப்படியானால், பனி உருகி மூடி திறந்தால் கடல் அதிக வாயுவை ஏற்காதா என்று கேட்பீர்கள். ஓரளவு ஏற்கும். ஆனால் நீர் சூடேறச் சூடேற, ஏற்கும் திறன் குறையும். ஆழத்திலிருந்து பழைய வாயு மேலே வரும் இடங்களில், மூடி இல்லாவிட்டால் அது காற்றில் கலந்துவிடும்.

1958-இல் ஹவாய்த் தீவில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நம் நாட்டு அறிவியலாரும் இதில் பின்தங்கவில்லை. 1981-இல் முதல் குழு அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டது. 2014-இல், சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ஆய்வுக் கருவி, வடதுருவப் பகுதிக் கடலில் நீருக்கடியில் நிறுத்தப்பட்டது.

கடலைக் குளிர்விக்க நம்மால் இயலாது. ஆனால் நம் மண் நம் கையில் இருக்கிறது. கரும்புச் சோகைக்குத் தீ வைத்தால், பயிர் காற்றிலிருந்து மாதக்கணக்கில் சேர்த்த கரி ஒரே நாளில் காற்றுக்கே போய்விடும். தழைச்சத்தும் வீணாகும். கட்டைக் கரும்பில் ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்புங்கள். ஈரம் காக்கும், களை அடங்கும், மட்கியபின் மண்ணுக்கு உரமாகும்.

இதனால் உலகக் கணக்கு பெரிதாக மாறிவிடாது. ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில், உங்கள் வயலில் ஈரம் இன்னும் சில நாள் நிற்கும். அறுவடைக்குப்பின் தீக்குச்சியை எடுக்குமுன் இதனை நினைவிற் கொள்ளுமாறு கேட்டு, விடைபெறுகிறேன்.