ஆளுக்கு முன்பணம் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை



நடவானாலும் கரும்பு வெட்டானாலும் வேளைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது உங்கள் எல்லோருடைய குறையும் ஆகும். அதனால் முன்கூட்டியே பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கிறோம். வெட்டாட்களுக்காக மேஸ்திரியிடம் கொடுக்கிறோம். மாட்டையும் தோட்டத்தையும் பார்த்துக் கொள்ளும் பண்ணையாளுக்கு வருடக் கணக்கில் பேசிக் கொடுக்கிறோம். பல நேரங்களில் அந்தப் பணமே நாம் வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். ஆள் பாதியில் நின்றுவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் செய்கிற காரியம்தான் சிக்கலில் மாட்டி விடுகிறது.

இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி, பண்ணையாளின் மகள் கலியாணத்துக்கு 20,000 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக் கொள்வோம். பணம் கழியும் வரை வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது என்பது பேச்சு. மூன்று மாதம் கழித்து, திருப்பூரில் கூலி அதிகம், போகிறேன் என்கிறார் ஆள். விவசாயி அவருடைய ரேஷன் கார்டை வாங்கி வைத்துக் கொள்கிறார். "நீ போனால் உன் பெண்டாட்டி வந்து வேலை செய்யட்டும்" என்கிறார். ஊரில் பலருக்கு இது நியாயமாகவே படும். சட்டத்தின் கண்ணில் இது கொத்தடிமை முறை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்கு முன்பே அவசரச் சட்டம் வந்துவிட்டதால், 25.10.1975 முதல் நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. கொத்தடிமை என்றால் ஆளைக் கட்டி வைத்து அடிப்பது என்று நினைக்கிறோம். அடி உதை எதுவும் வேண்டியதில்லை. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலே போதும். விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் போனாலும், பெயரளவுக் கூலிக்கு உழைக்க நேர்ந்தாலும் அப்படியே. அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார் என்பது எடுபடாது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது.

விளைவு என்ன? அந்த 20,000 ரூபாய்க் கடன் அற்றுப் போய்விடும். அதற்குப் பின் அந்தக் கணக்கில் பணம் வாங்கிக் கொள்வதே தனிக் குற்றம். கொத்தடிமையாக வேலை வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் பணம் கொடுத்தவரையே சேரும். தோட்டத்தில் குடியிருந்த வீட்டை விட்டு அவரை வெளியேற்றவும் முடியாது.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அப்படியானால் முன்பணமே கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். ஆளைக் கட்டிப் போடாத கடனாக அது இருக்க வேண்டும், அவ்வளவே. கொடுத்த தேதி, தொகை, வாரம் எவ்வளவு பிடிப்பது என்பதை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிடித்ததை அன்றன்றே பற்று எழுதுங்கள். ஆள் நின்றுவிட்டால் மீதிப் பணத்தைச் சாதாரணக் கைக்கடன் போல் கேட்கலாம். கொடுக்காவிட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். சாதாரணமாகக் கடன் கொடுத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் அவர் ஒரு பகுதியைக் கொடுத்து, அதை எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு கிடைக்கும். வழக்குச் செலவுக்குப் பயந்தால், தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம்.

ஒன்றும் எழுதாத புரோநோட்டில் மட்டும் ஆளிடம் கையெழுத்து வாங்காதீர்கள். நீங்களும் எவரிடமும் போட்டுக் கொடுக்காதீர்கள். ஸ்டாம்பு ஒட்டிய வெறும் தாளில் கையெழுத்திட்டவர், தொகையை நிரப்பிக் கொள்ள அனுமதி கொடுத்தவராகவே கருதப்படுவார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, விளைந்ததை அவர் சொன்ன விலைக்கே போடுகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். முன்பணத்துக்காகத் தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பதையும் இந்தச் சட்டம் கொத்தடிமை முறையில் சேர்த்திருக்கிறது. எல்லா மண்டிக் கடனும் அப்படிப்பட்டதல்ல. ஆனால் வெளியே விற்கவே விடாமல் ஒருவர் தடுத்தால், நீங்களும் இந்தச் சட்டத்தின் துணையைக் கேட்கலாம்.

புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம்.