அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு குதிரை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எஞ்சினீயருக்குச் சீன எழுத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மேனேஜ்மென்ட் கருத்தரங்குகளில் ஒரு வசனம் தவறாமல் வரும். "சீனத்தில் நெருக்கடிக்கு இரண்டு எழுத்து. ஒன்று ஆபத்து, மற்றது வாய்ப்பு." 1959-இல் கென்னடியே மேடையில் சொன்னதுதான். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பாதிதான் சரி.

அந்தச் சொல் 'வெய்ஜி'. 'வெய்' ஆபத்து, சந்தேகமில்லை. 'ஜி' என்பது பழைய காலத்தில் குறுக்குவில்லின் விசைப்பொறி. அதிலிருந்து இயந்திரம் என்ற பொருள் வந்தது; விமானத்துக்கு 'ஃபெய்ஜி', அதாவது பறக்கும் இயந்திரம். விசையைத் தட்டினால் அம்பு போய்விடும் இல்லையா, அதனால் 'திருப்பமான நேரம்' என்றும் ஆயிற்று. அதோடு 'ஹுய்' சேர்ந்தால்தான் வாய்ப்பு. நெருக்கடியில் இருப்பது ஆபத்தான திருப்பம், அவ்வளவே.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? சீன எழுத்தெல்லாம் படம் என்று நாம் நினைப்பதால்தான். சில படங்கள் உண்டு. ஒரு மரம் போட்டால் மரம், இரண்டு போட்டால் தோப்பு, மூன்று போட்டால் காடு. மரத்தடியில் ஆள் நின்றால் ஓய்வு. ரசமாகத்தான் இருக்கு! ஆனால் பத்தில் எட்டு எழுத்துக்கு மேல் இப்படி இல்லை. பாதி பொருளைக் காட்டும், பாதி ஓசையைக் காட்டும். 'அம்மா' என்ற எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. குதிரைக்கு 'மா' என்று பெயர். ஓசை சொல்லத்தான் வந்து நிற்கிறது. அதே குதிரைக்கு மேலே இரண்டு வாய் வைத்தால் 'திட்டு'. அங்கேயும் அதற்கு அதே வேலைதான்.

பெரியவர்களுக்கே இதில் சறுக்கியிருக்கிறது. கி.பி. 100-இல் ஷு ஷென் 9,353 எழுத்துகளுக்கு அகராதி முடித்தார். 'கிழக்கு' என்பதை, மரத்துக்குப் பின்னால் சூரியன் என்று விளக்கினார். அழகான விளக்கம். ஆனால் அன்யாங் மண்ணில் கிடைத்த, சுமார் 3,200 ஆண்டுப் பழைய ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் அது இருமுனையும் கட்டிய மூட்டையாக இருக்கிறது! ஓசைக்காகக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அந்த எலும்புகளின் எழுத்தை வாங் யிரோங் அடையாளம் கண்டதே 1899-இல்தான். அதுவரை மருந்துக்கடையில் 'டிராகன் எலும்பு' என்று பொடித்து விற்றார்களாம். பாவம், ஷு ஷென் எங்கே போய்ப் பார்த்திருப்பார்?

நம்ம 'ஜி'யும் அப்படித்தான். இடப்பக்கம் மரம், பொறிக்கு. வலப்பக்கம் வெறும் ஓசை. 1956-இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது, வலப்பக்கமிருந்த பன்னிரண்டு கோட்டையும் தூக்கிவிட்டு, 'ஜி' என்றே ஒலிக்கும் இரண்டு கோட்டு எழுத்து ஒன்றை வைத்துவிட்டார்கள். சீனாவில் இன்றைக்கும் நெருக்கடியை அப்படித்தான் எழுதுகிறார்கள்.