பில்லு யார் பேரில்?



“பிரச்சாரமும் மக்கள் மனமும்” என்று தலைப்புக் கொடுத்து அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள் வாசகர் வட்டத்தார். அதில் பாதியை எனக்கு முன்னால் பேசியவர் சாப்பிட்டுவிட்டார். சிரிக்காதீர்கள், அவர் மேடையில்தான் இருக்கிறார். 1917-இல், முதல் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவில் பேசப் போயிருந்தால் அவர் பாடு திண்டாட்டம். அங்கே ஒரு பேச்சாளருக்கு நாலே நிமிடம்!

அது என்ன நாலு நிமிடக் கணக்கு? சினிமாக் கொட்டகையில் ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் மாட்ட ஆகிற நேரம் அது. காசு கொடுத்து உட்கார்ந்த ஜனம் எழுந்து போகாது. அந்த இடைவெளியில் உள்ளூர்க்காரர் ஒருவர், எல்லாருக்கும் தெரிந்த முகம், திரைக்கு முன்னால் வந்து நின்று போர்க் கடன்பத்திரம் வாங்குங்கள், நாட்டுக்காக எழுந்து நில்லுங்கள் என்று பேசிவிட்டு இறங்குவார். இப்படி எத்தனை பேர்? 75,000 பேர்! நம் மாநிலத்தில் எல்லாக் கட்சிப் பேச்சாளர்களையும் கூட்டிக் கழித்தாலும் அத்தனை தேறாது. தேறினாலும் நாலு நிமிடத்தில் எவர் இறங்குவார்?

ஏன் அத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று கேளுங்கள். 1916 தேர்தலில் அதிபர் வில்சன் ஜெயித்ததே “நம்மைப் போருக்குள் போகாமல் காத்தவர்” என்ற பெயரில்தான். நவம்பரில் ஓட்டு. ஏப்ரலில் போர்ப் பிரகடனம். ஐந்தே மாதம்! இவர் மாறிவிட்டார், சரி. ஓட்டுப் போட்டவன் மாற வேண்டாமா? அந்த வேலைக்கு ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகைக்காரரை வைத்து அரசாங்கமே ஒரு குழு போட்டது. அந்தக் குழுவில் தொழில் பழகிய ஓர் இளைஞர்தான் எட்வர்ட் பெர்னேஸ்.

யார் இந்தப் பெர்னேஸ்? இவருடைய தாய்மாமன் சிக்மண்ட் ஃபிராய்டு! மனித மனதைக் குடைந்து பார்த்த அதே ஃபிராய்டு. இன்னொன்று சொன்னால் ரசிப்பீர்கள். ஃபிராய்டின் மனைவி மார்த்தா, பெர்னேஸின் அப்பாவுடைய தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம், அய்யா! வியன்னாவிலும் நம் ஊர் வழக்கம்தான். மாமா மனதைப் படித்தார், மருமகன் அதை விற்றார்.

போர் முடிந்தது. ஊரையே போருக்கு அனுப்ப முடிகிறது என்றால் ஒரு சிகரெட்டை விற்க முடியாதா என்று இவருக்குத் தோன்றியது. 1929. ஒரு சிகரெட் கம்பெனி முதலாளி இவரைக் கூப்பிட்டு, பெண்கள் தெருவில் புகைப்பதில்லை, பாதிச் சந்தை வீணாகப் போகிறது என்றார். பெர்னேஸ் நேராக ஒரு மனோதத்துவ மருத்துவரிடம் போய்க் காசு கொடுத்து யோசனை கேட்டார். பெண்ணுக்குச் சிகரெட் என்பது விடுதலையின் தீப்பந்தம் என்றார் மருத்துவர். போதாதா?

ஈஸ்டர் ஞாயிறு, நியூயார்க், ஐந்தாவது அவென்யூ. புது உடை உடுத்திக் கூட்டம் கூட்டமாக ஜனம் உலா வருகிற நாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் சிலர் நடந்து வருகிறார்கள். தீக்குச்சி உரசுகிறார்கள். பற்றவைக்கிறார்கள். படக்காரர்கள் அங்கே தயாராக நிற்கிறார்கள். தற்செயலாகவா நிற்பார்கள்? மறுநாள் பத்திரிகையில் அது விளம்பரமாக வரவில்லை. செய்தியாக வந்தது! அந்த நாட்டுப் பெண்கள் போராடி ஓட்டுரிமையை அரசியல் சட்டத்தில் ஏற்றி ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் போராட்டத்தின் பெயரை எடுத்துச் சிகரெட் டப்பாவில் ஒட்டிவிட்டார் மனிதர்.

அவர் வீட்டு லட்சணம் என்ன தெரியுமா? மனைவியின் சிகரெட் பெட்டி கையில் கிடைத்தால் ஒவ்வொன்றாக ஒடித்துக் கழிவறையில் போடுவாராம். அவருடைய மகளே சொல்லியிருக்கிறார். ஊர்ப் பெண்களுக்குத் தீப்பந்தம். தன் வீட்டுப் பெண்ணுக்குக் கழிவறை! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். 103 வயசு வரை வாழ்ந்து 1995-இல் போனார் அவர்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் எனக்கு மேலே போக முடியாது. பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்வார். கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள்! நம் ஊர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தே கண் போனவர். எல்லாக் கட்சி நோட்டீஸும் அவர் கை வழியாகத்தான் வந்தது. “புரட்சி வெடிக்கும்” என்று எழுதிக்கொண்டு ஒருவர் ஓடிவருவார், “அமைதி நிலவட்டும்” என்று இன்னொருவர் வருவார். இவர் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்வி: “பில்லு யார் பேர்ல?”

சட்டமே அதைத்தானே கேட்கிறது? 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. தேர்தல் சுவரொட்டி என்றால் அச்சடித்தவர் பெயர், வெளியிட்டவர் பெயர், முகவரி, மூன்றும் முகப்பிலேயே இருக்க வேண்டும். பொடி எழுத்தில் அடியில் ஒளிந்திருக்கும். நாம் தலைவர் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். தூணோரம் இருக்கிறாரே, அவர் குனிந்து அடிவரியைப் படிப்பார்.

சுவரொட்டி என்றதும் வயிறு எரிகிறது. பக்கத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. நான் யாரென்று சொல்லவில்லை, நீங்களே சிரிக்கிறீர்கள். பாரதி விழாச் சுவரொட்டியில் அவர்கள் தலைவர் படம் ஆள் உயரம், பாரதி தபால்தலை அளவு! நாற்பது நாற்காலி போட்ட கூட்டம் அது. முன் இரண்டு வரிசையில் ஆட்களை நெருக்கி உட்காரவைத்து, படமெடுப்பவரைத் தரையில் மண்டியிடச் சொன்னார்கள். கீழேயிருந்து எடுத்தால் பின்னால் காலி நாற்காலி தெரியாது. அடுத்த நாள் “மக்கள் வெள்ளம்” என்று போட்டார்கள். அங்கே பேசியவனே நான்தான், அய்யா! வெள்ளத்தை நான் பார்க்கவில்லை. மறுப்பு எழுதி அனுப்பினேன். இன்றுவரை வரவில்லை. சரி, விடுங்கள். விட முடியவில்லை, இருந்தாலும் விடுகிறேன்.

தாய்மார்களுக்கு ஒன்று. பல ஏழை நாடுகளில் பால்பவுடர் கம்பெனிகள் விற்பனைப் பெண்களுக்கு நர்ஸ் உடுப்பு மாட்டிப் பிரசவ வார்டுக்குள் அனுப்பின. வெள்ளை உடுப்பைப் பார்த்தால் தாய் நம்பமாட்டாளா? 1977-இல் அமெரிக்காவில் புறக்கணிப்புப் போராட்டம் வெடித்தது, 1981-இல் உலக சுகாதார நிறுவனம் விதி வகுத்தது, 1992-இல் நம் நாட்டில் சட்டமே வந்தது. நாளைக்கு மருந்துக்கடையில் கைக்குழந்தைப் பால்பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். குழந்தை படம் இருக்காது. போடக் கூடாது!

மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டும். இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

1990 அக்டோபர் 10. வாஷிங்டனில், எம்.பி.க்கள் சிலர் சேர்ந்து நடத்திய மனித உரிமைக் கூட்டம். நயிரா என்று ஒரு பெண், 15 வயசு. பாதுகாப்புக்காக முழுப் பெயர் சொல்லவில்லை என்றார்கள். குவைத் மருத்துவமனையில் ஈராக் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகப் போட்டார்கள் என்று அழுதாள். யார் மனம் தாங்கும்? அதிபர் புஷ் அந்தக் கதையை மேடைக்கு மேடை சொன்னார். செனட்டர்கள் சொன்னார்கள். ஜனவரியில் செனட்டில் ஓட்டெடுப்பு: போருக்கு 52, எதிர்ப்பு 47. ஐந்தே ஓட்டு!

போர் முடிந்து பல மாதம் கழித்து, 1992 ஜனவரியில், ஜான் மெக்ஆர்தர் என்ற பத்திரிகைக்காரர் உடைத்தார். அந்தப் பெண் வாஷிங்டனில் இருந்த குவைத் தூதருடைய மகள்! அந்தச் சாட்சியத்துக்குப் பின்னால் இருந்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அதற்குப் போன பணம் 1 கோடி டாலருக்கு மேலே, அதில் பெரும்பங்கு குவைத் அரசாங்கத்தின் காசு. சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தது உண்மை, அங்கே கொடுமை நடந்ததும் உண்மை. அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த அறையில் கேமரா இருந்தது, கண்ணீர் இருந்தது, எம்.பி.க்கள் இருந்தார்கள். நம் தூணோரத்து மனிதர் ஒருவர் இல்லாமல் போனாரே!

தூணோரத்திலிருந்து கை தூக்குகிறார். என்ன அய்யா? ஆ... என்னையே கேட்கிறார்! கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். ஒலிபெருக்கி, சீரியல் பல்பு, இந்தப் பந்தல், மூன்றுக்கும் பின்னால் தட்டியில் பெயர் போட்டிருக்கிற ஜவுளிக்கடைக்காரர் காசு. சால்வை வாசகர் வட்டம் போர்த்தியது. எனக்குப் போகவர பஸ் சத்தமும் ஒரு கவரும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். கவரை இன்னும் பிரிக்கவில்லை. பொருளாளர் முகத்தைப் பார்த்தால் பிரிக்காமல் இருப்பதே நல்லது போலிருக்கிறது.