வீடு திரும்பாத தீபாவளி
(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. லயத்தில் முறுக்குக்கு மாவு அரைக்கும் பேச்சு தொடங்கிவிட்டது. பிள்ளைகள் எந்த நாளில் வருவார்கள் என்ற பேச்சு அதற்கும் முன்னரே தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நோய் இல்லாத நாளில்தான் நோயைப் பற்றி நிதானமாகப் பேச முடியும். ஆகவே சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

நம் தோட்டங்களின் இன்றைய நிலை என்ன? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. வாலிபர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் ஜோகூர் பாருவுக்கும், பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். லயத்தில் எஞ்சியவர் பெரும்பாலும் வயதானவர்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத் தோட்டத்துக்குத் திரும்புவது ஆண்டில் இரண்டு தடவை. ஒன்று தீபாவளி. மற்றொன்று நம் மாரியம்மன் திருவிழா. இந்த இரண்டு நாளும் இல்லையென்றால் பேரப் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முகம் மறந்துபோகும்.

அந்த இரண்டையும் கொரோனா நோய் நம்மிடமிருந்து பறித்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாட்டில் அமலுக்கு வந்தது. கோயில்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டு சித்திரையில் நடக்க வேண்டிய திருவிழாக்கள் நின்றன. இடையில் நோய் தணிந்தது. தீபாவளிக்காவது பிள்ளைகள் வருவார்கள் என்று எல்லோரும் நம்பினோம். செப்டம்பர் 26-ஆம் தேதி சபாவில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அங்கே போய் வந்தவர்கள் வழியாகவும் தொற்று தீபகற்பத்தில் பரவியது. நவம்பர் 9-ஆம் தேதி முதல் தீபகற்பத்தின் பெரும்பாலான மாநிலங்களில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. மாவட்டம் தாண்டவும் தடை. நவம்பர் 14-ஆம் தேதி தீபாவளி. தேர்தலுக்குப் பயணம் போகலாம், தாயைப் பார்க்கப் பயணம் போகக்கூடாது என்றால் பாட்டாளியின் மனம் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அன்று அந்தக் கோபத்தோடும் நம் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இதை நாம் மறக்கலாகாது.

சிங்கப்பூரில் வேலை செய்தவர்கள் பட்ட பாடு இன்னும் அதிகம். அங்கே குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்துவிட்டு வரலாம் என்று 2020 ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் வந்தவர்கள் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும். நான்கு நாள் விடுப்பு எடுக்கும் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? 2021 அக்டோபர் 11-ஆம் தேதி, வயது வந்தோரில் நூற்றுக்கு 90 பேர் தடுப்பூசி போட்டு முடித்த பிறகு, மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தடை நீங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி தீபாவளிக்குக் கிள்ளான் பிள்ளைகள் வந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாத தரைவழிப் பயணம் தொடங்கியது நவம்பர் 29-ஆம் தேதி. தீபாவளி முடிந்து இருபத்தைந்து நாள் கழித்து! எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. இரண்டு தீபாவளிக்குத் தாய் ஒரு கரையிலும் மகன் ஒரு கரையிலும் இருந்தார்கள்.

நாம் மட்டுமா இழந்தோம்? 2020 மே 24-ஆம் தேதி நோன்புப் பெருநாளுக்கு மலாய்ச் சகோதரர்கள் கம்போங்குக்குத் திரும்ப முடியவில்லை. 2021 பிப்ரவரியில் சீனச் சகோதரர்களின் பெருநாள் விருந்தும் கட்டுப்பாட்டில்தான் நடந்தது. அதே ஆண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடியும் இல்லை, மக்கள் வெள்ளமும் இல்லை. நம்மோடு ஒரே வெட்டில் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களோ சொந்த நாட்டையே பார்க்க முடியாமல் இருந்தார்கள். நோய் இனம் பார்க்கவில்லை. தொழிலாளியின் துயரமும் இனம் பார்க்காது.

"எந்தக் காலத்திலும் நோய்க்குப் பயந்து நம் முன்னோர்கள் வீட்டில் அடைந்து கிடந்ததில்லை" என்று அப்போது சிலர் பேசினார்கள். அது சரியான பேச்சல்ல. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்டி வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது யார் வகுத்த வழக்கம்? ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறோம். அதைக் கண்டதும் அயலார் உள்ளே நுழைவதில்லை. அந்த வீட்டார் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே நோயாளி வெளியே வருவார். எந்தப் போலீசும் நிற்கவில்லை, எந்த அபராதமும் இல்லை. ஊர் தானாகவே கட்டுப்பட்டது. ஊரடங்கு நமக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அம்மை கண்ணுக்குத் தெரியும். இந்தக் கொரோனா, காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றிவிடும். பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கும் பேரன், தனக்கே தெரியாமல் நோயைப் பாட்டியிடம் கொடுத்துவிடக்கூடும். பேரன் இருமலோடு தப்பிப்பான். பாட்டி தப்புவது நிச்சயமில்லை. ஆகவே, நோயுற்றவன் ஒதுங்கினால் போதும் என்ற கட்டு இதற்குப் போதாது. காப்புக் கட்டியதுபோல் எல்லோரும் ஒதுங்க வேண்டியிருந்தது. இன்னொன்று: பெரியம்மை வேப்பிலையால் ஒழியவில்லை. அம்மைப் பால் குத்தித்தான் ஒழிந்தது. உலகில் அது அறவே ஒழிந்ததென்று 1980-இல் அறிவித்தார்கள். ஊசிக்குப் பயப்படும் தோழர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்தபோது, பலரை முதலில் இறக்கியது ஜெரஜாக் தீவின் தனிமை முகாமில்தான். பிறகு தோட்டத்தில் குளிர்காய்ச்சல் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதை விதி என்றார்கள், நம் மக்களின் அசுத்தம் என்றார்கள். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தின் நீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டினார், காய்ச்சல் குறைந்தது. அது விதியல்ல, கால்வாய் வெட்டப் பணம் செலவிட வேண்டிய காரியம் என்பது விளங்கியது. 1943-இல் சயாம் ரயில்பாதையில் காலரா வந்தபோது, பிடித்துச் செல்லப்பட்ட நம் தோட்டத்து மக்களுக்கு மருந்துமில்லை, சுத்தமான தண்ணீருமில்லை. அவர்களில் எத்தனையோ பேர் எந்தத் தீபாவளிக்கும் திரும்பவில்லை. நோயைக் கொண்டுவருவது கிருமி. அது எத்தனை பேரைக் கொல்கிறது என்பதில் குடியிருப்புக்கும் கூலிக்கும் பெரும் பங்குண்டு.

இதற்கு நம் காலத்திலேயே சாட்சி உண்டு. 2020-இல் உலகமே கையுறை கேட்டது. நாம் சீவும் பாலும் கையுறையாகி மருத்துவமனைகளுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில், நாம் தனியே விளக்கேற்றிய அதே மாதத்தில், கிள்ளான் வட்டாரத்தில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் நோய் ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றியது. நெருக்கி அடுக்கிய கட்டில்கள்! உலகின் கையைக் காத்தவனுக்கு ஓர் அடி இடைவெளி கிடைக்கவில்லை.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நோயோடு யாரும் பெரட்டுக்கு வரலாகாது. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற அச்சம்தான் காய்ச்சல்காரனை வெட்டுக்கு இழுத்து வருகிறது. சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் உண்டு. டாக்டர் சான்று வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்று எழுதப்படும். செக்ரோல் எழுதும் நம் கிராணிமார்கள் இதைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்வது கடமை.

இரண்டாவது, குடியிருப்பு. தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 1990-இல் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் வந்தது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020-இல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. ஏட்டில் இருப்பது லயத்திலும் இருக்கிறதா என்று கிளைதோறும் பார்த்து எழுத வேண்டும். ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றால் ஒதுங்கியிருக்க ஓர் அறை உண்டா? தோட்டத்தில் காலியாகக் கிடக்கும் வீடு ஒன்றை அதற்கு ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்போம்.

மூன்றாவது, விடுப்பு. மீண்டும் ஒரு கொள்ளைநோயால் பெருநாளுக்கு வீடு திரும்ப முடியாமல் போனால், அந்த விடுப்பு வீணாகாமல், வழி திறந்தபின் எடுத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். இதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சேர்க்கக் கோரி இக்கூட்டம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். உரிய நாளில் விடுப்புக் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், எந்தப் பிள்ளையும் திருட்டுத்தனமாக எல்லை தாண்ட மாட்டான்.

இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகள் வரட்டும். காய்ச்சல் இருமல் உள்ளவர்கள் ஒரு வாரம் கழித்து வரட்டும். அதுவரை அதிரசத்தை எடுத்து வையுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் தோட்டத்தில் தனியே இறந்துபோன பெரியவர்களின் வீடுகளுக்கும் அன்று போய் வாருங்கள். கடைசியாக முகம் பார்க்க முடியாத பிள்ளைகள் அங்கே வந்திருப்பார்கள்.

தீர்மானத்தை முன்மொழிகிறோம். வழிமொழிய முன்வாருங்கள்.