கூட்டை வாங்கு முன் அறிவைத் தேடுவோம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன்.

 

வானத்தையும் பூமியையும், அவற்றிடையே சிறகு விரித்துப் பறக்கும் பறவையினங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தார்க்கோர் அருட்கொடையாக வந்த நமது நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

நேயர்களே! மட்டக்களப்பிலிருந்து வடக்கே, வாகரையைக் கடந்து வெருகலை நோக்கிச் செல்லும் பாதையில் இருக்கிறது கதிரவெளி. அந்தப் பக்கத்து வட்டைகளில் வேளாண்மை முற்றிக் கதிர் சாயும் காலத்தில் பச்சைக்கிளிகள் கூட்டங் கூட்டமாக வந்திறங்கும் காட்சியைக் கண்டிருப்பீர்கள். கிளி விரட்டப் பரணில் குந்தியிருக்கும் விவசாயிக்கு அது தொல்லை; அவருடைய பிள்ளைக்கோ அது ஆசை. "வாப்பா, எனக்கொரு கிளிக்குஞ்சு வேண்டித் தாங்க" என்று பிள்ளை கேட்கிறது. பிள்ளையின் முகத்துக்காக நாமும் ஒரு குஞ்சையும் ஒரு சிறு கம்பிக்கூட்டையும் கொண்டுவந்து விறாந்தையிலே தொங்கவிட்டு விடுகிறோம். அந்தக் கிளி எதைத் தின்னும், எத்தனை வருடம் வாழும், நோய் வந்தால் யாரிடம் கொண்டு செல்வது என்ற கேள்விகள் பிறகுதான் வருகின்றன. சில வீடுகளில் அவை வருவதற்குள் கிளி இறந்துவிடுகிறது.

இது சிறிய விடயமென்று எண்ணிவிடாதீர்கள். அறிவு என்பது சொல்லுக்கும் செயலுக்கும் முந்தியது என்ற கருத்தில், இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது கிரந்தத்தின் கல்வி பற்றிய பகுதியில் ஒரு தலைப்பையே அமைத்துள்ளார்கள். தொழுகைக்கும் வியாபாரத்துக்கும் பொருந்தும் அந்த விதி ஓர் உயிரைப் பொறுப்பேற்பதற்கும் பொருந்தாதா?

பறவை வளர்ப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. அனஸ் (ரழி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் அறுபதளவான பயன்களை எடுத்தெழுதினார்கள். பறவையைக் கூட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற அனுமதியை உலமாக்கள் இதிலிருந்துதான் பெறுகின்றனர்.

ஆனால் அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனையும் உண்டு. பூனையை அடைத்து வைத்த பெண்ணின் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ளதைத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. அதனாலேயே அவள் நரகத்துக்குரியவளானாள். இதனைச் சற்று ஆழமாகச் சிந்தியுங்கள். வெளியே திரியும் பூனைக்கு அல்லாஹ் பூமியில் உணவை வைத்திருக்கிறான். கதவைப் பூட்டிய கணத்தில் அந்தப் பொறுப்பு பூட்டியவரின் கழுத்தில் ஏறிவிடுகிறது. கூட்டின் கதவும் அப்படித்தான். எனவே கதவைப் பூட்டு முன் நாம் சில கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும்.

முதலாவது கேள்வி: இந்தக் கிளி எங்கிருந்து வருகிறது? பச்சைக்கிளி பனை, தென்னை முதலிய மரங்களின் பொந்துகளில் முட்டையிடுகிறது. பொந்தில் கைவிட்டு இறகு முளைக்காத குஞ்சை எடுத்து விற்போர் இருக்கின்றனர். ஒரு பிரயாணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்தார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதனைத் துயரப்படுத்தியவர் யாரென வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. நாட்டின் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சுதேசப் பறவைகளில் பெரும்பாலானவற்றையும் அவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் பாதுகாக்கிறது. ஆகவே காட்டுக் கிளி எதனையும் எடுக்கவோ வாங்கவோ எண்ணுபவர் முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை வருடங்களுக்கு? நன்கு பராமரித்தால் பச்சைக்கிளி 20 முதல் 30 வருடங்கள் வரை வாழக்கூடியது. சிறகில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி 30 வருடங்களையும் தாண்டும். இன்று 10 வயதில் கிளி கேட்கும் பிள்ளை நாளை பல்கலைக்கழகத்துக்கோ, தொழிலுக்காகக் கடல் கடந்தோ சென்றுவிடும். அன்று கூட்டைக் கழுவப் போவது யார்? முதுமையடைந்த உம்மாவா?

மூன்றாவது கேள்வி: எதைத் தின்னும்? பாணைப் பிளேன்டீயில் நனைத்துக் கொடுப்பதும், சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டிவைப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். விதையை மட்டும் தின்னும் கிளியின் உடலில் கொழுப்பேறி ஈரல் பழுதடைகிறது. விற்றமின் ஏ குறைந்து நோய்கள் தொற்றுகின்றன. தானியத்தோடு கீரை, கரட், பூசணி, கொய்யா, பப்பாசி, சோளன் போன்றவையும் வேண்டும். தேநீர், கோப்பி, சொக்லேட், உப்பிட்ட தின்பண்டம், ஆனைக்கொய்யா என்னும் அவக்காடோ ஆகியன அதற்குத் தீங்கானவை. சிலவேளை உயிரையே பறித்துவிடும். நாம் தின்பதை அதற்கும் கொடுப்பது அன்பாகத் தோன்றலாம். அறியாமல் கொடுத்தால் அது நஞ்சாகிவிடும்.

நான்காவது கேள்வி: எங்கே வைப்பது? வாலோடு ஏறத்தாழ 40 சென்றிமீற்றர் நீளமுள்ள பறவை அது. இரு சிறகையும் விரித்து அடித்தாலும் கம்பியில் படாத அளவுக்குக் கூடு அகலமாக இருக்க வேண்டும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் வெயில் விழும் விறாந்தையிலும், மாரியில் சாரல் அடிக்கும் இடத்திலும் கூட்டைத் தொங்கவிடக் கூடாது. குசினியும் ஆகாது. அடுப்புப் புகை அதன் நுரையீரலுக்குத் தீங்கு. ஒட்டாத பூச்சுடைய சட்டி அதிகம் சூடேறும்போது கிளம்பும் வாயு சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். இரவில் 10 முதல் 12 மணித்தியாலம் அமைதியான உறக்கமும் அதற்குத் தேவை. நமது ஷாபிஈ மத்ஹபின்படி பறவையின் எச்சம் நஜீஸாகும் என்பதால், தொழும் இடத்திலிருந்து கூடு விலகியிருப்பதும் அவசியம்.

ஐந்தாவது கேள்வி: யார் அதனோடு இருப்பது? கிளி கூட்டமாக வாழும் இனம். 1977இல் அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் ஆய்வாளர் கடையொன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளி, நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி அடையாளங் காட்டவும், பொருள்களை எண்ணிச் சொல்லவும் கற்றுக்கொண்டது. 2007இல் தனது 31ஆவது வயதில் அது இறந்தது. இத்தகைய அறிவை இறைவன் வழங்கியிருக்கும் ஓர் உயிரை நாள் முழுவதும் தனிமையில் விட்டால் என்ன நிகழும்? ஓயாமல் கத்தும், தன் இறகைத் தானே பிடுங்கும். ஸலாம் சொல்லப் பழக்கிவிட்டு, பின்னர் அதன் ஸலாத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லாத வீடாக நமது வீடு ஆகிவிடக் கூடாது.

ஆறாவது கேள்வி: நோயுற்றால் என்ன செய்வது? பறவை தனது நோயை இயன்றவரை மறைத்தே வைக்கும். அது உப்பிய இறகோடு சோர்ந்து குந்தியிருப்பதைக் காணும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நமது பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகங்களின் நாளாந்த வேலை மாடு, ஆடு, கோழிகளோடுதான். கிளிக்கு வைத்தியம் செய்பவர் எங்கே இருக்கிறார் என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கிளியின் எச்சத் தூசியின் மூலம் மனிதருக்கும் காய்ச்சல், இருமல், நியுமோனியாவை உண்டாக்கும் கிருமியொன்று தொற்றக்கூடும். கூட்டை ஈரப்படுத்திச் சுத்தம் செய்து கைகளைக் கழுவ வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், கிளி வளர்ப்பதை வைத்தியரிடம் மறவாது சொல்ல வேண்டும்.

நேயர்களே! கிழக்கு மண்ணில் வாழும் நமக்கு மற்றுமொரு கேள்வியும் உண்டு. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. 2006இல் யுத்தம் வாகரைப் பிரதேச மக்களை வீடுகளை விட்டு ஓட வைத்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் மாவட்டத்தையே மூழ்கடித்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மனிதன் ஓடிவிடுவான். கட்டிய ஆடும் பூட்டிய பறவையும் ஓட முடியாது. அந்த நேரத்தில் கூட்டைத் தூக்குவது யார் என்பதையும் இன்றே தீர்மானிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 660இல் வபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தி எழுதியுள்ளார்கள். ஒரு பிராணி முதுமையடைந்து அல்லது நோயுற்று எவ்விதப் பயனுமற்றுப் போனாலும் அதற்குச் செலவு செய்வது கடமை என்பது அவற்றுள் ஒன்று. கிளி பேசும் வரைதான் அன்பு, பேச்சு நின்றால் பாராமுகம் என்பதற்கு இங்கே இடமில்லை.

பெற்றோர்களே! பிள்ளை கிளி கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கவும் வேண்டாம். ஒரு கொப்பியைக் கொடுத்து இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி எழுதச் சொல்லுங்கள். மிருக வைத்தியரிடமும், முறையாகப் பறவை வளர்ப்பவரிடமும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். விடைகள் நிறைந்து, சட்டமும் வசதியும் மனமும் இடந்தந்தால், கூட்டில் பிறந்து வளர்ந்த பறவையை வாங்குங்கள். நிறையாவிட்டால் வாங்காதிருப்பதும் அந்தத் தேடலின் பலன்தான். அது தோல்வியன்று, ஓர் உயிருக்கு அநியாயம் செய்யாமல் தப்பிய வெற்றி. முற்றத்து மர நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். பறவைகள் தாமாக வந்து குடிப்பதைப் பிள்ளை பார்த்து மகிழட்டும்.

ஏற்கனவே வீட்டில் கிளி வைத்திருப்போர் இதனைக் கேட்டவுடன் கதவைத் திறந்து விட்டுவிடாதீர்கள். மனிதர் கையில் வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் பருந்துக்குத் தப்பவும் தெரியாதிருக்கலாம். கூட்டைப் பெரிதாக்குங்கள், உணவைத் திருத்துங்கள், அடுத்து என்ன செய்வதென உரியவர்களிடம் கேளுங்கள்.

இளைஞர்களே! ஒரு கைப்பேசியை வாங்குவதற்கு எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம். எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! அது பழுதானால் வேறொன்று வாங்கலாம். உயிர் அப்படியன்று. பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆமின் 38ஆவது வசனம் உணர்த்துகிறது. அந்தச் சமுதாயத்தில் ஒன்றை நம் கூரையின் கீழ் கொண்டுவருமுன் அதன் தேவைகளை அறிந்து கொள்வது நம்மீதுள்ள கடன்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள அறிவையும், அறிந்தபடி நடக்கும் தௌபீக்கையும், வாயில்லா ஜீவன்கள் மீது இரக்கமுள்ள உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.