நூலும் தொகுப்பானும்

மனிதர் பேசும் மொழியில் இலக்கணநூல் சற்றுப் பின்தங்கி நின்றாலும் பெருங்கேடு விளைவதில்லை. கேட்பவர் கருத்தை ஊகித்துக்கொள்வார். கணினிக்கென ஆக்கப்பட்ட மொழியின் நிலை வேறு. மனிதர் எழுதும் செய்நிரலை இயந்திரத்துக்கு விளங்கும் கட்டளைகளாகப் பெயர்த்துக் கொடுப்பது 'கொம்பைலர்' எனப்படும் தொகுப்பான். அதற்கு ஊகிக்கத் தெரியாது. நூல் ஒன்று கூற, தொகுப்பான் வேறொன்று செய்யுமாயின், தொகுப்பான் செய்வதே நடக்கும்.

'சி' என்னும் மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் முற்பகுதியில் டெனிஸ் ரிச்சி இம்மொழியை ஆக்கினார். ஓர் எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்து, விடையை அவ்வெண்ணின் இடத்திலேயே வைப்பதற்குச் சமக்குறியை முன்னும் கழித்தற்குறியைப் பின்னுமாக எழுதுவது அன்றைய விதி. 1975ஆம் ஆண்டுக் கைந்நூலிலும் அவ்வாறே காணலாம். ஆயின், எக்ஸ், சமக்குறி, கழித்தற்குறி, ஒன்று என நெருக்கி எழுதினால் பொருள் யாது? எக்ஸிலிருந்து ஒன்றைக் கழிப்பதா, எக்ஸுக்கு மறை ஒன்றைக் கொடுப்பதா? இம்மயக்கத்தை நீக்க 1976 இல் குறிகளின் வரிசை மாற்றப்பட்டது.

எக்ஸின் பெறுமானம் 10 என நேயர்கள் கொள்க. பழைய தொகுப்பான் தரும் விடை 9. பழைய வடிவத்தைக் கைவிட்ட தொகுப்பான் தருவது மறை 1. செய்நிரல் தடையின்றி ஓடும். பழைய கைந்நூலை நம்பியவர் தம் கணக்கிற் பிழைதேடி இரவெல்லாம் விழித்திருக்க நேரும், கணக்கிலோ பிழையில்லை.

1978 இல் ரிச்சியும் பிரையன் கேர்னிகனும் எழுதிய நூல் இம்மொழிக்கு இலக்கணமெனவே கொள்ளப்பட்டது. பெயர், வயது, சம்பளம் முதலியவற்றை ஒரு பொதியாகக் கட்டிவைக்கும் 'கட்டமைப்பை' முழுதாகப் பிரதிசெய்ய இயலாது என்றது அந்நூல். இத்தடை பின்னர் நீங்கும் எனவும் அடைப்புக்குறிக்குள் சொல்லிவைத்தது. ஆசிரியர்களின் நேர்மை பாராட்டத்தக்கதே. ஆயினும் தடை நீங்கிய செய்தியை அச்சேறிய தாள் எவ்வாறு அறியும்? விடை எதனையும் திருப்பித் தராத செயற்கூற்றைக் குறிக்கும் 'வொய்ட்' என்ற சொல்லும் தொகுப்பான்களிற் புகுந்தது. நூலில் அது இல்லை.

தொகுப்பானிடமே சோதித்து அறியலாமே எனச் சிலர் வினவலாம். ஒரு தொகுப்பானின் விடை அந்தத் தொகுப்பானுக்கே பொருந்தும். ஒரு கணினிக்கு எழுதியதை மற்றொன்றுக்கும் கொண்டுசெல்லலாம் என்பதன்றோ சி மொழியின் பெருமை! பல நிறுவனங்கள் தத்தம் தொகுப்பான்களை ஆக்கிய வேளையில், அனைவருக்கும் பொதுவான முழு விவரணம் எங்கும் இல்லை.

1983 இல் அமெரிக்கத் தேசிய நியம நிறுவகத்தின்கீழ் ஒரு குழு அமைந்தது. அதன் பணி முடிய 1989 ஆயிற்று. புதுமொழி படைப்பதற்கன்று, பெரும்பாலும் வழக்கில் இருந்ததை எழுத்தில் வடிப்பதற்கே இத்தனை ஆண்டுகள். அதற்கு முன்னரே, 1988 இல், நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. முதற்பதிப்பின் பின் நேர்ந்த மாற்றங்கள் அதில் தனிப் பின்னிணைப்பாயின. பழைய குறிவரிசை முற்றாக ஒழிந்தது என்பதும் அங்கே ஒரு வரியாக இடம்பெற்றது.